மூன்று கேட் தூரம்

எங்கள் காலனியில் எனக்கு நல்ல பெயர் உண்டு. போகிற வருகிற எல்லோரையும் நின்று விசாரிக்கிற மனுஷன் என்று சொல்வார்கள். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது என் இடது கெண்டைக்கால். நடக்கும்போது கால் பிடித்துக்கொள்கிறது என்று அவதிப்படுகிறவர் யாராவது இதைப் படித்தால், வாழைப்பழம் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பார் என்ற நப்பாசையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கால் இப்போது தேறிவிட்டது. அதனால் கொஞ்சம் சிரித்துக்கொண்டும் எழுதலாம்.

நான் பேச்சில் கஞ்சன். ஹைதராபாதில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பிரஷர் கேஜ்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குழாயில் ஓடும் எண்ணெய்க்கோ காற்றுக்கோ எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று வட்ட முகத்தில் ஒரு முள் காட்டுமே, அந்தக் கருவிதான் கேஜ். முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு வாய் தேவையில்லை. வீட்டிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதே ஊரில் திருமுல்கேரி என்ற பகுதியில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயரையே அவர் கேட்டில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் மனைவி மல்லிகா நேர் எதிர். கல்யாணமாகி திருச்சியிலிருந்து இந்த ஊருக்கு வந்த புதிதில், தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாமலே காய்கறிக்காரியிடம் சண்டை போட்டு, அன்றைக்கே சமாதானமும் ஆனவள். என்னைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே குறை, வாயைத் திறப்பதில்லை என்பதுதான்.

ஓய்வு பெற்றதும் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார்கள். காலையில் நடக்கச் சொன்னார்கள். மல்லிகாவும் உடன் வந்தாள். எங்கள் தெருவில் வரிசையாக வீடுகள், கேட்டுகள். தெரு முடிந்ததும் கன்டோன்மென்ட் சாலை. அங்கே ஒரு பக்கம் முழுக்க ராணுவத்தின் நீளமான மதில் சுவர், இன்னொரு பக்கம் மரங்கள். சுவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வீட்டுக்கு வந்துவிடலாம். மல்லிகா எப்போதும் எனக்கு நாலடி முன்னால் போவாள். அவள் நடையே அப்படி, பால் பொங்குகிறது என்று ஓடுகிற மாதிரி.

முதல் தடவை பிடித்துக்கொண்டது எங்கள் தெருவிலேயேதான். கெண்டைச் சதையை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிவது போல இருந்தது. ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. நின்றுவிட்டேன். நின்ற இடம் கலீல் சாப் வீட்டு கேட். அவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த நேரத்தில் பூனைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் தன்னைப் பார்க்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"அரே, ஆயியே ஆயியே" என்று கேட்டைத் திறந்தார்.

கால் வலிக்கிறது என்று முன்பின் பேசாத மனிதரிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எத்தனை பூனைகள் என்று கேட்டு வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் பூனையைப் பற்றி விசாரித்தேன். அவர் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, எது யாருக்குப் பிறந்தது என்று விளக்கி முடிப்பதற்குள் என் கால் வலி இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. சாயா குடித்துவிட்டுப் போகச் சொன்னார். "நக்கோ ஜி, நக்கோ" என்று இந்த ஊர்ப் பாஷையில் வேண்டாம் சொல்லி, கையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

மறுபடி அதே அளவு தூரம் போனதும் அதே பிடிப்பு. இந்தத் தடவை சுவர்ணா காரு வீட்டு கேட், காரு என்பது தெலுங்கு மரியாதை. கணவரை இழந்த தெலுங்கு அம்மாள், வாசலில் தொட்டி தொட்டியாகச் செடி வைத்திருப்பவர். மிளகாய்ச் செடிக்கு என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அதற்கும் அடுத்தது ஜோசப் வீடு. நாகர்கோவில் பையன், ஐடி வேலைக்காக வந்து மனைவியோடு வாடகைக்கு இருக்கிறான். காரைக் கழுவிக்கொண்டிருந்தான். வண்டி எவ்வளவு மைலேஜ் தருகிறது என்று கேட்டேன். என்னிடம் காரே கிடையாது.

இப்படியே தினமும் நடந்தது. ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் மல்லிகா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ரிடையர் ஆனதும் மனுஷனாயிட்டீங்க" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் திருச்சியில் இருக்கிற தங்கையிடம் போனில், "உங்க மாமா இப்பல்லாம் நின்னு நாலு பேர்கிட்ட பேசறாருடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கேட்ட பிறகு, இல்லை மல்லிகா, கால் வலிக்கிறது, அதனால்தான் நிற்கிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லவில்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. கருவி தப்பாகக் காட்டினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றக்கூடாது. ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும், சரியாகவில்லை என்றால் அடுத்ததை மாற்ற வேண்டும். நல்ல விதி. அதையே என் காலுக்கும் கடைப்பிடித்தேன்.

முதலில் தண்ணீர். உடம்பில் தண்ணீர் குறைந்தால் தசை பிடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஹைதராபாத் வெயிலில் அது உண்மைதான். எழுந்ததும் ஒரு சொம்பு குடித்துவிட்டுக் கிளம்பினேன். அடுத்து வாழைப்பழம். வியர்வையில் உப்புச்சத்துகள் போய்விட்டால் தசை சுருங்கி விரிவதில் தகராறு வரும், அதற்கு இளநீர், பழம் எல்லாம் நல்லது என்பதும் உண்மை. பிறகு சுவரில் கையை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைச் சதையை நீட்டி விடும் பயிற்சி. உடம்பு சூடாவதற்கு முன் வேகமாக நடந்தால் சிலருக்குப் பிடிக்கும், அவர்களுக்கு இது நல்ல பலன் தரும். மாத்திரைகளும் ஒரு காரணமாக இருக்கலாம். நீர் பிரிய வைக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிற சிலருக்குச் சதை வலி வருவதுண்டு. நான் அப்போது அவற்றில் எதுவும் சாப்பிடவில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் பலன் இருந்த மாதிரியே தெரிந்தது. அங்கேதான் ஏமாந்தேன். நான் நிற்கிற கேட்டுகள் கூடிக்கொண்டே போயின. வலி வருவதற்குள்ளேயே நின்றுவிடப் பழகியிருந்தேன். நடக்கிற தூரத்தைக் குறைத்துவிட்டு, வலி குறைந்ததாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஆள் இப்படிச் சோதனை செய்திருந்தால் அன்றைக்கே திட்டித் தீர்த்திருப்பேன்.

கன்டோன்மென்ட் சாலையை விட்டுவிட்டேன். அந்தச் சுவரில் கேட்டே கிடையாது. நின்றால் யாரை விசாரிப்பது? அங்கே நாய்த் தொல்லை என்று மல்லிகாவிடம் சொல்லி வைத்தேன்.

கடைசியாக மாற்றியது செருப்பு. நடைக்கென்று விசேஷமாகச் செய்த ஷூ என்று கடைக்காரர் ஒன்றை மாட்டிவிட்டார். கயிறு கட்டுகிற வேலை இல்லாமல், பட்டையை இழுத்து ஒட்டினால் போதும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, போகப்போகச் சரியாகிவிடும் என்றார். அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மல்லிகா பிடிவாதம் பிடித்தாள்.

"சுவர்ப் பக்கம் மரமெல்லாம் பூத்திருக்காம். சுவர்ணாக்கா சொன்னாங்க. நாயும் கிடையாது ஒண்ணும் கிடையாது, வாங்க."

போனோம். மரங்கள் உண்மையிலேயே பூத்திருந்தன. சிவப்பாகச் சாலை முழுக்க உதிர்ந்து கிடந்தன. மல்லிகா நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். சுவரின் பாதிக்கு வருவதற்குள் கால் பிடித்துக்கொண்டது. இதற்கு முன் வந்த வலியெல்லாம் ஒன்றுமே இல்லை என்பது போல இருந்தது. சுவரில் கையை ஊன்றி நின்றேன்.

காவலுக்கு நின்ற சிப்பாய் நேராக என்னிடம் வந்தான். சின்ன வயசு.

"அங்கிள், இதர் ருக்னா மனா ஹை. ஆகே சலியே" என்றான். இங்கே நிற்கக்கூடாதாம், நடக்க வேண்டுமாம்.

"ஷூ லேஸ்" என்று சொல்லிக் குனிந்தேன்.

அவன் என் ஷூவைப் பார்த்தான். அதற்குள் மல்லிகா திரும்பி வந்திருந்தாள். அவளும் என் ஷூவைப் பார்த்தாள். லேஸ் இல்லாத ஷூ. நான் குனிந்தபடியே அதன் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மல்லிகா சிப்பாயிடம், "அபி ஜாத்தே பாபு, இன்கே பேர் மே தர்த் ஹை" என்றாள். இவருக்குக் காலில் வலி, இதோ போய்விடுகிறோம் என்று. என் முகத்தை ஒரு தடவை பார்த்ததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிப்பாயின் குரல் மாறிவிட்டது. காவல் கூண்டிலிருந்து ஸ்டூல் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். "நக்கோ, நக்கோ" என்றேன். கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. திரும்பி நடக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஆதரவுக்கா, தப்பி ஓடாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

வீட்டில் சாக்ஸைக் கழற்றியது அவள்தான். இடது பெருவிரலின் ஓரத்தில் ஷூ கடித்த புண். சுற்றிலும் தோல் கறுத்திருந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வலது பாதத்தையும் தொட்டாள்.

"இது ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?" என்றாள்.

புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்தாள், களிம்பு போட்டாள், நாளுக்கு நாள் கறுப்பு கொஞ்சம் பரவியது. குகட்பள்ளியில் இருக்கிற மகள் நித்யாவுக்குப் போன் போனது. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால், அந்த நேரத்தில் நாக்கில் எது நிற்கிறதோ அந்த மொழியில் பதில் சொல்வாள். அன்று வந்து புண்ணைப் பார்த்ததும், "அப்பா, எந்துக்கு செப்பலேது? வாட் இஸ் திஸ்?" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, துண்டை இழுத்துப் பாதத்தை மூடப் பார்த்தேன். அன்றைக்கே செகந்திராபாத் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்கு எதிரே ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். என்னைவிட இளையவர். வேட்டி ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே காலியாகத் தொங்கியது. அவர் சாதாரணமாகப் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. பயந்துபோனேன். 

ரத்தக் குழாய் நிபுணர் ஒரு பெண், டாக்டர் மாதவி. சென்னையில் சில காலம் வேலை பார்த்தவர், நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசினார்.

"எவ்ளோ தூரம் நடந்தா வலி வருது சார்?"

எனக்கு மீட்டர் கணக்கு தெரியாது. யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "முன்னாடி எங்க வீட்லேருந்து நின்னு நின்னு மூணு கேட் தூரம் போவேன் டாக்டர். ஜோசப் வீடு வரைக்கும். அப்புறம் சுவர்ணா காரு வீட்டோட நின்னுடும். இப்ப கலீல் சாப் கேட்டுக்கு முன்னாடியே பிடிச்சுக்குது."

பக்கத்து நாற்காலியில் மல்லிகா அசைவது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"வலி வந்தா உக்காரணுமா, இல்ல குனியணுமா? நின்னா போதுமா?"

"நின்னா போதும். பூனையப் பத்தி ரெண்டு வார்த்தை பேசினா போயிடும்."

டாக்டர் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி முக்கியமானது என்று பிறகு விளக்கினார். முதுகெலும்பில் நரம்பு நசுங்குவதாலும் நடக்கும்போது கால் வலிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு உட்கார்ந்தாலோ, முன்னால் குனிந்தாலோதான் பெரும்பாலும் நிம்மதி. ரத்தக் குழாய் அடைப்பினால் வருகிற வலிக்குச் சும்மா நின்றாலே போதும். நடக்கும்போது தசைக்கு நிறைய ரத்தம் வேண்டும். குழாய் குறுகியிருந்தால் அவ்வளவு வந்து சேராது, தசை பட்டினியில் கத்தும். நின்றதும் தேவை குறைந்துவிடும், கத்துவது நிற்கும். அதனால்தான் ஏறக்குறைய அதே தூரத்தில் வருகிறது, நின்றால் போகிறது. தூக்கத்தில் திடீரென்று காலைப் பிடித்து இழுக்கிறதே, அது பெரும்பாலும் வேறு சமாசாரம்.

பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். வலது காலில் இருந்தது. இடது காலில் வெகுநேரம் தேடினார்.

பிறகு ஒரு சோதனை. கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டுகிற பட்டையைக் கணுக்காலிலும் கட்டினார்கள். கையில் எவ்வளவு அழுத்தம், கணுக்காலில் எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிடுவார்களாம். சாதாரணமாக இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என் இடது கணுக்காலில் கையில் இருந்ததில் பாதிகூட இல்லை. அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் நான் செய்தது இதைத்தான். குழாயின் இந்த முனையில் ஒரு கேஜ், அந்த முனையில் ஒரு கேஜ். அங்கே முள் இறங்கியிருந்தால் நடுவில் எங்கோ அடைப்பு. எத்தனை குழாய்களில் கண்டுபிடித்திருக்கிறேன். சொந்தக் காலுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்து டாப்ளர். வயிற்றை ஸ்கேன் எடுப்பது போலவே வழவழப்பான பசையைத் தடவி, கருவியைக் காலில் மேலிருந்து கீழாக நகர்த்தினார்கள். ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. தொடையில் விஷ் விஷ் என்று கேட்டது, முழங்காலுக்கு மேலே ஒரு இடத்தில் தேய்ந்துபோனது. சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தத்தைச் சோதித்துவிட்டு, நரம்பில் சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சாயம் ஏறும்போது உடம்பு முழுக்க வெந்நீர் பாய்வது போல இருக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

தொடையில் இறங்குகிற பெரிய ரத்தக் குழாய் ஓரிடத்தில் ஏறக்குறைய அடைத்திருந்தது. சர்க்கரை, கொழுப்பு, தொழிற்சாலை நாட்களில் பிடித்த சிகரெட் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. சிகரெட்டை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்றேன். விட்டது நல்லது, இல்லாவிட்டால் இன்னும் முன்னாலேயே வந்திருப்பீர்கள் என்றார் டாக்டர்.

"வலி மட்டும்னா மாத்திரை, நடைன்னு பாத்திருக்கலாம் சார். புண் இருக்கு. ரத்தம் போகலைன்னா ஆறாது. விரலைக் காப்பாத்தணும். விட்டா பாதம் வரைக்கும் போயிடும். உடனே அட்மிட் ஆகுங்க."

நித்யா அட்மிஷன் வேலையாகப் போனாள். நானும் மல்லிகாவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"அப்ப பூனையெல்லாம்?"

"ம்."

"சுவர்ணாக்கா மிளகாச் செடி?"

"ம்."

"நான் என் தங்கச்சிகிட்ட எல்லாம் சொல்லிட்டேங்க. பெருமையா." அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலை. ஊரு கேட்டுலயெல்லாம் நின்னீங்க. நாலடி முன்னாடி நான்தானே போய்ட்டிருந்தேன். கூப்பிட்டா திரும்ப மாட்டேனா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழவும் இல்லை. அந்தக் கேள்வியோடு விட்டுவிட்டாள். விரல் போய்விடுமோ என்ற பயத்துக்கு நடுவிலும் அதுதான் என்னை அதிகமாக வதைத்தது.

மறுநாள் ஆஞ்சியோபிளாஸ்டி. மயக்க மருந்து கிடையாது, தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அங்கே சின்னத் துளை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பு இருக்கிற இடத்தில் ஒரு சின்ன பலூனை ஊதிக் குழாயை விரிப்பார்கள். விரித்தது மூடிக்கொள்ளாமல் இருக்க ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை அங்கே நிறுத்திவிடுவார்கள். பலூன் விரிந்தபோது காலில் ஒரு இறுக்கம், பிறகு பாதத்துக்குள் சூடாக ஏதோ இறங்கியது. டாக்டர் மாதவி என் விரலைத் தொட்டுப் பார்த்து, "வார்ம் ஆயிடுச்சு சார்" என்றார். பச்சைக் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே தினமும் யாராவது அழுவார்கள் போலிருக்கிறது.

பிறகு காலை மடக்காமல் மல்லாந்தே கிடக்க வேண்டும். மல்லிகாதான் ஊட்டிவிட்டாள். நோயாளியோடு தங்குகிறவருக்கு ஒரு குறுகிய பெஞ்சுதான் உண்டு. அதில் சுருண்டு படுத்தாள். நான் முனகினால் உடனே எழுவாள். கட்டில் கம்பியைப் பிடித்து, கொஞ்சம் சிரமப்பட்டு எழுவாள். பெஞ்சு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். வேண்டியதையெல்லாம் செய்தாள், பேச்சு மட்டும் அளவோடு இருந்தது. பேச்சில் கஞ்சனான என் வேஷத்தை அவள் எடுத்துக்கொண்டாள் போலிருந்தது.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் கேட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. ஜோசப் தன் காரில் கூட்டி வந்திருந்தான். சுவர்ணா காரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதமும், ஓரத்தில் அவர் செடியில் காய்த்த மிளகாயை வறுத்தும் கொண்டுவந்திருந்தார். கலீல் சாப் பேரீச்சம்பழம் வாங்கி வந்து, சர்க்கரை என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டார். நான் படுக்கையில் கூனிக் குறுகினேன். பொய்யான விசாரிப்புக்கு இவ்வளவு நிஜமான மனிதர்கள் வந்து நிற்கிறார்கள். மல்லிகா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அம்பலம்.

கலீல் சாப் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வராமல் என் பூனைகளை யாரும் விசாரிப்பதில்லை என்றார். நான் மல்லிகாவைப் பார்த்தேன்.

"ஹவ் பாய்சாப்" என்றாள் அவள், ஆமாம் என்று தலையாட்டி. "கல்கூட பூச்சே. சின்னக்குட்டிக்குக் கண்ணு திறந்துச்சான்னு நேத்து என்கிட்ட கேட்டாரு."

நான் கேட்கவே இல்லை. அவள் அதை ஹிந்தியிலும் தமிழிலுமாகக் கலந்து, தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னாள். கலீல் சாப் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கண் திறந்திருக்கிறது, இன்னொன்று இன்னும் இல்லை என்று விவரமாகச் சொன்னார். எனக்கு உண்மையிலேயே இன்னொரு கண்ணைப் பற்றிக் கவலையாக இருந்தது.

பில்லைப் பற்றி அதிகம் எழுதினால் மறுபடி கால் பிடித்துக்கொள்ளும். ஓய்வு பெற்றவர்களுக்கான சிகிச்சைத் திட்டம் பெரும்பகுதியைத் தாங்கியது. மீதியை நித்யா எனக்குக் காட்டவே இல்லை. கேட்டால், "அப்பா, நக்கோ, ப்ளீஸ்" என்றாள். நாங்கள் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிய வார்த்தை அது.

வீட்டுக்கு வந்த பிறகும் புண் ஆற மாதங்கள் பிடித்தன. ஒவ்வொரு தடவை கட்டைப் பிரிக்கும்போதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். மல்லிகா குனிந்து பார்த்துவிட்டு, "நேத்தைக்கு மேல பரவாயில்ல" என்பாள். பிறகுதான் திறப்பேன். கறுத்த தோல் உதிர்ந்து, அடியில் ரோஜா நிறத்தில் சதை வந்தது. விரல் தப்பித்தது.

கட்டே தேவையில்லை என்ற அன்று டாக்டர் மாதவி நடக்கச் சொன்னார். எப்படி நடக்க வேண்டும் என்பதும் மருந்து போலத்தான். ஸ்டென்ட் வைத்தாலும் மற்ற சின்னக் குழாய்களைப் பழக்க வேண்டும். வலி வருகிற வரை நட, வந்ததும் கொஞ்சம் பொறுத்து நில், வலி போனதும் மறுபடி நட. தினமும் இப்படிச் செய்தால் அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகிற பக்க வழிகள் விரிவடையும், நடக்கிற தூரம் கூடும். நின்று நின்று நடந்தது இத்தனை நாள் அந்தக் காலுக்கு ஓரளவு உதவியும் இருக்கலாம் என்றார்.

"அப்ப அவர் கேட் கேட்டா நின்னது நல்லதா டாக்டர்?" என்றாள் மல்லிகா.

"நின்னது நல்லது. சொல்லாம இருந்ததுதான் தப்பு."

அட்மிட் ஆன நாளிலிருந்து மல்லிகா முதல் தடவையாகச் சிரித்தாள். "அதையேதான் நானும் சொன்னேன்" என்றாள்.

இதைப் படிக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீர் குடியுங்கள், சதையை நீட்டி விடுங்கள், இறுக்கமில்லாத ஷூ வாங்குங்கள். பெரும்பாலான பிடிப்புகளுக்கு இவை போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே தூரத்தில் பிடித்து, நின்றால் விட்டால், ஒரு பாதம் மட்டும் ஜில்லென்று இருந்தால், காலில் சின்னப் புண்கூட ஆறாமல் இருந்தால், டாக்டரிடம் போய் இரண்டு முனையிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள். கொடுத்த மாத்திரையைச் சதை வலிக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். முக்கியமாக, உடன் நடக்கிறவரிடம் சொல்லுங்கள்.

மறுபடி நடக்க ஆரம்பித்தோம். முதலில் கலீல் சாப் கேட் வரை, பிறகு சுவர்ணா காரு, பிறகு ஜோசப். குட்டி இரண்டு கண்ணும் திறந்து, கேட் வரை ஓடிவரும் அளவுக்கு வளர்ந்திருந்தது. மல்லிகா இப்போதெல்லாம் முன்னால் போவதில்லை, என்னோடு சேர்ந்தே மெதுவாக வருகிறாள். எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

சென்ற வாரம் ஒரு நாள், ஜோசப் வீட்டைத் தாண்டியும் வலி வரவில்லை. "சுவர்ப் பக்கம் போலாமா?" என்று நான்தான் கேட்டேன். பூவெல்லாம் முடிந்து மரங்கள் பச்சையாக நின்றன. சுவரின் நடுவில், முன்பு குனிந்த அதே இடத்துக்குப் பக்கத்தில், நான் நின்றேன்.

மல்லிகாவின் முகம் மாறிவிட்டது. "வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா இல்ல."

"அப்புறம் ஏன் நின்னீங்க? இங்க யாரு கேட் இருக்கு?"

"உன்கிட்ட பேசலாம்னு."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன பேசணும்?"

ஊரில் உள்ள பூனைக்கும் மிளகாய்ச் செடிக்கும் காருக்கும் கேள்வி வைத்திருந்தவனுக்கு, அவளிடம் கேட்க எதுவும் தயாராக இல்லை. கடைசியில், "நல்லா இருக்கியா?" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"முழங்கால் வலிக்குதுங்க" என்றாள். "ஆஸ்பத்திரியிலேருந்தே. உங்க கால் சரியாகட்டும்னு சொல்லல."

சிப்பாய் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். அதே பையன். "அங்கிள், இதர் ருக்னா..." என்று ஆரம்பித்து, என்னை அடையாளம் கண்டு நிறுத்தி, என் காலைப் பார்த்தான். நான் மல்லிகாவின் காலைக் காட்டினேன். அவன் காவல் கூண்டுக்குத் திரும்பிப் போய் ஸ்டூலை எடுத்து வந்தான். இந்தத் தடவை நான் நக்கோ சொல்லவில்லை. மல்லிகாவை உட்கார வைத்தேன். எந்த முழங்கால், படி ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.